முதல்தரப் பனி

அம்புறோஸ், அரியரத்தினத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தது ஆயிரத்து நூற்று நாற்பது யூரோ. ஒரே ஒரு விமானச் சீட்டின் விலை அது. மன்னாரில் அக்கா செத்துப்போன செய்தி ஓகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் வந்தது. ஓகஸ்டில் அன்றைக்கு அன்றே சீட்டு எடுக்கிறவனுக்கு யார் மலிவாகக் கொடுப்பார்கள். பாரிஸில் ரூ லூயி-பிளாங் தெருவில் பயண முகவர் கடை வைத்திருந்த அரியரத்தினம் அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடவுச்சீட்டை வாங்கி, இலக்கத்தைத் தட்டி, கடதாசியை நீட்டினார். "போட்டு வாரும். காசு பிறகு பாப்பம்" என்றார். அந்த உதவியை அம்புறோஸ் மறக்கவில்லை. மறக்க அரியரத்தினம் விடவும் இல்லை.

அவர் கெட்ட மனிதர் அல்ல. சத்தமான மனிதர். கடைக்குள் நாலு பேர் நிற்கிற நேரம் அம்புறோஸ் கதவைத் தள்ளினால், "வாரும் அம்புறோஸ், ஆயிரத்து நூற்றி நாப்பது" என்று தொகையைப் பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார். பகிடிதான். நிற்கிறவர்களும் பகிடி என்றுதான் சிரிப்பார்கள். மாதம் ஐம்பது ஐம்பதாகக் கட்டுகிறேன் என்று அம்புறோஸ் கேட்டுப் பார்த்தான். "சில்லறையாத் தந்தா எனக்குக் கணக்குக் குழம்பும். தரேக்கை ஒரேயடியாத் தாரும்" என்று அவர் சொல்லிவிட்டார். ஒரேயடியாகக் கொடுக்க அம்புறோஸிடம் ஒருநாளும் இருந்ததில்லை. அதனால் தொகை அப்படியே நின்றது.

அரியரத்தினத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. பிறமொழிச் சொல் அவர் வாயில் வராது. தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவில் இருபது வருடமாக ஒலிவாங்கி பிடிக்கிறவர். கடைக்கு வந்து ரிக்கெற் என்று கேட்டால் அவருக்குக் காது கேட்காது. பயணச்சீட்டு என்று கேட்க வேண்டும். பேரப்பிள்ளைகள் ஐஸ்கிறீம் கேட்டு அழுதால், குளிர்களி என்று சொன்னால்தான் வாங்கிக் கொடுப்பார் என்று தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு கதை உண்டு. அது பொய்யில்லை.

அம்புறோஸுக்கு வேலை பாரிஸுக்கு வெளியே சென் தெனியில், ஒரு பெரிய கொட்டகையில். கோடையில் எங்கேயாவது பெட்டி தூக்குவான். கார்த்திகையில் இருந்து சித்திரை வரைக்கும் அங்கே பனியில் சறுக்குகிற ஸ்கீப் பலகைகளைத் திருத்துவான். பதினொரு மாரிகாலமாக அதுதான் தொழில். பாரிஸில் இருக்கிற சங்கங்களும் கம்பனிகளும் ஆட்களை மலைக்குக் கூட்டிப் போகும்போது ஸ்கீக்களை இந்தக் கொட்டகையில் வாடகைக்கு எடுப்பார்கள். போன பலகை திரும்பி வரும்போது காயத்தோடு வரும். அடிப்பக்கத்துக் கீறலை நிரப்ப வேண்டும். இரண்டு பக்கத்து இரும்பு ஓரத்தையும் அரத்தால் தீட்ட வேண்டும். மெழுகை உருக்கி ஊற்றி, ஆறவிட்டுச் சுரண்ட வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது சோடி. பின்னேரம் தோள் இரண்டும் வேறு யாருடையவோ போல இருக்கும். இத்தனை வருடத்தில் அவன் மலையில் கால் வைத்ததில்லை. ஆனால் ஒரு பலகையின் வயிற்றை உள்ளங்கையால் தடவினான் என்றால், அது எந்தப் பனியில் போய் வந்தது என்று சொல்லிவிடுவான்.

இது தெரிந்துதான் அரியரத்தினம் தை மாதக் கடைசியில் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மாசி விடுமுறைக்கு ஒரு பேருந்து விடப்போறன். வோஜ் மலைக்கு. இருபத்திநாலு பேர். சனி வெளிக்கிட்டு ஞாயிறு திரும்புறது" என்றார். "அங்கை ஒரு விடுதி இருக்கு. சமையல் எங்கடை பெடியன், தனூஜன் எண்டு. பருத்தித்துறைப் பக்கம். தங்க மலிவாப் பிடிச்சுத் தந்திட்டான். சறுக்குப் பலகைதான் பிரச்சினை. மேலை வாடகைக்கு எடுத்தா நான் கடையைப் பூட்டவேண்டியதுதான்."

"எங்கடை இடத்திலை பழசுகள் கிடக்கு அண்ணை. அலெக்சாந்த்ரைக் கேட்டா மலிவாத் தருவான்." அலெக்சாந்த்ர் கொட்டகை முதலாளி.

"அதுக்குத்தான் உம்மைக் கூப்பிட்டனான். வாடகை நான் கட்டுறன். எந்தப் பலகை, அதை என்ன மாதிரித் தயார் பண்ணுறது எண்டது உம்மடை பொறுப்பு. சனம் சிரிச்சுக்கொண்டு வந்து இறங்கினா, ஆயிரத்து நூற்றி நாப்பதையும் நான் மறந்திடுவன்."

அம்புறோஸ் மேசையில் கிடந்த கடன் கொப்பியைப் பார்த்தான்.

"சிரிக்காட்டில்?"

"சிரிக்காட்டில் இருக்கிறது இருக்கும். நட்டம் வந்தா அதுவும் அதோடை சேரும். ஓமோ?"

"ஓம்" என்றான் அம்புறோஸ். "ஆனா அண்ணை, அங்கை பனி என்ன மாதிரிக் கிடக்கெண்டு எனக்குத் தெரியவேணும்."

"வெள்ளையாய்க் கிடக்கும்."

கடையில் நின்ற றெஜினா விழுந்து விழுந்து சிரித்தாள். றெஜினா ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறவள். நல்ல பருமனான மனுசி, வாயும் அதற்கேற்ற மாதிரி. பயணத்துக்கு முதல் பெயர் கொடுத்தது அவள்தான். மூன்று தரம் காசைக் கட்டப் போகிறேன் என்று வந்து, மூன்று தரமும் கதைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"பகிடியில்லை அண்ணை" என்றான் அம்புறோஸ். "பனியைப் பாத்துத்தான் பலகை. இரவு விழுந்த புதுப் பனி எண்டா வறுத்த அரிசிமா மாதிரி இருக்கும். அதுக்குள்ளை ஒடுங்கின பலகை தாண்டுபோம். காலுக்குக் கீழை பலகையின்ரை இடுப்பு அகலமா இருக்கவேணும், அப்பதான் மிதக்கும். மழை பட்டு இறுகின பனி எண்டா அது கண்ணாடி. அதிலை அகலமானது நிக்காது. ஒடுக்கமான பலகையா எடுத்து ஓரத்தைக் கத்தி மாதிரித் தீட்டிக் குடுக்கவேணும், கடிச்சுக்கொண்டு நிக்க. வெயில் பட்டுக் கரைஞ்சா அது கூழ். பலகையின்ரை அடியை உறிஞ்சிப் பிடிச்சிடும். அதுக்கு வேறை மெழுகு."

"மா, கூழ், கண்ணாடி" என்றாள் றெஜினா. "சமைக்கிறியளோ சறுக்கிறியளோ எண்டு விளங்கேல்லை."

"உழுது வைச்ச பாதையிலை சறுக்கிறதெண்டா இவ்வளவு பாக்கத் தேவையில்லை. அங்கை மெசின் போய்ப் பனியை ஒரே மாதிரி ஆக்கிவிடும்."

"உழுது வைச்ச பாதைக்கு ஆளுக்கு நாப்பது கேக்கிறாங்கள். ஆர் கட்டுறது?" என்றார் அரியரத்தினம். "விடுதிக்குப் பின்னாலை நல்ல சரிவு ஒண்டு கிடக்காம். எங்கடை சனத்துக்கு அது காணும்."

"அப்ப கட்டாயம் தெரியவேணும். தனூஜன்ரை நம்பரைத் தாங்கோ, நான் கேக்கிறன்."

"நம்பர் இல்லை, இலக்கம். அது நான் கேட்டுச் சொல்லுறன். பயண அலுவல் எல்லாம் ஒரு வாயாலை போகவேணும். ஆளாளுக்குக் கதைச்சாத்தான் குழம்புறது."

புறப்படுவது சனிக்கிழமை காலை என்று முடிவானது. வெள்ளிக்கிழமை பின்னேரம் பலகைகளைப் பேருந்தில் ஏற்ற வேண்டும். அந்தக் கிழமை வியாழக்கிழமை காலமை கொட்டகைக்கு ஒரு சங்கத்தின் முப்பது சோடி திரும்பி வந்தது. அவர்களும் செவ்வாய்க்கிழமை வரை வோஜ் மலையில்தான் நின்றிருந்தார்கள். அம்புறோஸ் முதலாவது பலகையைத் திருப்பி மேசையில் போட்டான். அடிப்பக்கம் ஓரத்தோடு ஓரமாக நரைத்திருந்தது. தடவினான். காய்ந்துபோய், சொரசொரவென்று கையைப் பிடித்தது. இரும்பு ஓரம் மொட்டையாகிக் கிடந்தது. இரண்டாவதும் அப்படி. பத்தாவதும் அப்படி. மாப்பனி ஒருநாளும் பலகையை இப்படி நரைக்க வைக்காது. கட்டிப் பனிதான் மெழுகை உரித்துத் தின்னும். செவ்வாய்க்கிழமை வரை இவர்கள் நின்ற இடம் கண்ணாடி என்று அவனுடைய கை சொன்னது.

செவ்வாய்க்குப் பிறகு இரண்டு இரவு போயிருந்தது. அதற்குள் புதிதாக விழுந்துமிருக்கலாம். அதைத்தான் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வேலை முடிய ரூ லூயி-பிளாங்குக்குப் போனான்.

கடைக்குள் ஏழு எட்டுப் பேர். கோடை விடுமுறைக்குச் சீட்டு விலை கேட்க வந்த சனம். அரியரத்தினம் தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரோடு ஒரே நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"கேட்டாச்சு, கேட்டாச்சு" என்றார் அம்புறோஸைக் கண்டதும். "முதல்தரமான பனியாம்."

"முதல்தரம் எண்டா?"

"முதல்தரம் எண்டா முதல்தரம். சரிவு முழுக்க முதல்தரம். மேலையிருந்து கீழை வரைக்கும். ரெண்டு தரம் சொன்னவன்."

கொட்டகையில் வருகிற பிரெஞ்சுக்காரர் முதல்தரப் பனி என்று சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான். இரவில் விழுந்த, காய்ந்த, முழங்கால் ஆழப் பனி. அதை நினைத்தால் அவர்கள் கண் மேலே போகும்.

"புதுசா விழுந்ததாமோ அண்ணை? எவ்வளவு உயரம்?"

அரியரத்தினம் தொலைபேசியைக் கீழே வைத்தார். "அம்புறோஸ். ஆயிரத்து நூற்றி நாப்பது. ஒருத்தன் முதல்தரம் எண்டு சொன்னாப் பிறகு, நான் அவனைத் திருப்பி எடுத்து, எத்தனை முழம் எண்டு அளந்து சொல்லு எண்டு கேக்கிறதோ?"

நின்ற சனம் சிரித்தது. அம்புறோஸும் கொஞ்சம் சிரித்தான். நரைத்த பலகையைப் பற்றிச் சொல்ல வாய் எடுத்தான். இலக்கத்தைத் தாருங்கள், நானே ஒருக்கால் கேட்கிறேன் என்பதும் தொண்டை வரை வந்தது. கடன் இல்லாதவன் என்றால் மேசையில் கையூன்றிக்கொண்டு நின்று கேட்டிருப்பான். கடன்காரன் இரண்டாம் தரம் கேட்டால் அது நம்பிக்கையில்லாத கேள்வியாகப் போய்விடும். அவருடைய காசில் பறந்து போய் வந்தவன் அவருடைய சொல்லைச் சந்தேகப்படுகிறான் என்று ஆகிவிடும். அப்படி நினைத்துக்கொண்டு வெளியே வந்தான். மெத்ரோவில் ஏறினபோது, இரண்டு இரவில் விழுந்துதானே இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை விடிய வேலையைத் தொடங்கினான். பழைய பலகைகள் இரண்டு தட்டில் கிடந்தன. கீழ்த்தட்டில் ஒடுங்கினவை, இடுப்பு எழுபத்திரண்டு மில்லிமீற்றர், வளைத்தாலும் வளையாத முரட்டுச் சாமான். மேல்தட்டில் அகலமானவை, இடுப்பு நூற்று நாலு, மூக்கு மேலே நிமிர்ந்து, கையால் அமர்த்தினால் இணங்கிக் கொடுக்கிறவை. கீழ்த்தட்டுக்கு முன்னால் சற்று நேரம் நின்றான். பிறகு மேல்தட்டில் கையை வைத்தான்.

ஒரு வேலையைச் செய்தால் அரைகுறையாகச் செய்து அவனுக்குப் பழக்கம் இல்லை. இருபத்திநாலு பேரின் உயரத்தையும் நிறையையும் அரியரத்தினம் எழுதிக் கொடுத்த கடதாசியைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் நாடி உயரத்தை விடக் கட்டையான பலகையாகத் தெரிவு செய்தான். புதுப் பனிக்குள் கூர்மையான ஓரம் ஆளை இழுத்து விழுத்தும். அதனால் மூக்குப் பக்கமும் வால் பக்கமும் இரும்பு ஓரத்தை அரத்தால் மழுக்கினான். நடுவில் மட்டும் ஓரளவு கூர் விட்டான். குளிர்ந்த காய்ந்த பனிக்குப் போடுகிற நீல மெழுகை உருக்கி ஊற்றி, சுரண்டி, தூரிகையால் மினுக்கினான். சப்பாத்துகளைக் கொழுவுகிற பூட்டை ஒவ்வொருவர் நிறைக்கும் ஏற்ற மாதிரித் தளர்த்தி இறுக்கினான். விழுந்தால் கழன்றுகொள்ள வேண்டும், சும்மா நிற்கும்போது கழலக் கூடாது.

மத்தியானம் அலெக்சாந்த்ர் அந்தப் பக்கம் வந்தான். அடுக்கி வைத்த அகலப் பலகைகளைப் பார்த்து, "வோஜுக்கா இவை?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

"முதல்தரப் பனியாம்."

"யார் சொன்னது?"

"மேலே இருக்கிற ஆள்."

அலெக்சாந்த்ர் நரைத்துக் கிடந்த முப்பது சோடியை ஒருதரம் பார்த்தான். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டான். மேலே இருக்கிற ஆளுக்குத் தெரியாததா இவனுக்குத் தெரியப்போகிறது என்ற மாதிரி அம்புறோஸ் அடுத்த பலகையை எடுத்தான்.

சனிக்கிழமை அவனுக்கு வேலை. அதனால் கூடப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பேருந்து வருகிற நேரத்துக்கு லா சப்பல் மெத்ரோப் பாலத்தடியில் போய் நின்றான்.

முதலில் இறங்கியது அரியரத்தினம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவனைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பெட்டிகள் இருக்கிற பக்கம் போய்விட்டார். சத்தமான மனிதர் சத்தமில்லாமல் போனதில் அம்புறோஸுக்கு விசயம் விளங்கியது.

பிறகு சனம் இறங்கியது. ஒருவர் கைக்குத் துணி கட்டியிருந்தார். மூன்று பேர் நொண்டினார்கள். கடைசியில் றெஜினா, கதவின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக.

"அம்புறோஸ் அண்ணை, இஞ்சை வாங்கோ" என்றாள். "நீங்கள் தந்தது சறுக்குப் பலகையோ, சவர்க்காரக் கட்டியோ?"

"ஏன் பிள்ளை, என்ன நடந்தது?"

"என்ன நடந்ததோ. காலிலை கொழுவிக்கொண்டு எழும்பினன். முன்னுக்குப் போகவேண்டிய சாமான் பக்கவாட்டிலை போகுது. நிப்பாட்டு நிப்பாட்டு எண்டு கத்துறன், ஆர் நிப்பாட்டுறது. நேரை குசினிக் குப்பைத் தொட்டிக்குள்ளை போய்த்தான் நிண்டனான். அந்தச் சமையல்காரப் பெடியன் உருளைக்கிழங்குத் தோலோடை நிக்கிறான். வாங்கோ அக்கா எண்டு வரவேற்கிறான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அது அரியரத்தினம் கேட்ட சிரிப்பு அல்ல.

"பனி எப்பிடி இருந்தது?"

"எங்கை பனி? கண்ணாடி. பின்பக்கச் சரிவு முழுக்க முகம் பாக்கலாம். சனிக்கிழமை அரை மணித்தியாலத்திலை எல்லாரும் பலகையைக் கழட்டிப்போட்டு உள்ளை போய் இருந்து கடுதாசி விளையாடினதுதான். ஞாயிறும் அதுதான். நூற்றியொரு ஆட்டம் விளையாடியிருப்பம்." தோள் பையில் இருந்து தைலப் போத்தலை எடுத்துக்கொண்டே சொன்னாள். "விடுங்கோ அண்ணை. சாப்பாடு நல்லாயிருந்தது."

அம்புறோஸ் பலகைகளை இறக்கினான். ஒன்றைத் திருப்பித் தடவினான். நரைத்திருந்தது.

திங்கட்கிழமை அரியரத்தினம் கணக்குப் பார்த்தார். சனத்தின் வாயை மூட ஆளுக்குப் பதினைந்து யூரோ திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. இருபத்திநாலு பேருக்கு முன்னூற்று அறுபது. பேசிய பேச்சின்படி அதையும் கடனோடு சேர்த்தார். அம்புறோஸ் மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த முறை கதவைத் தள்ளினபோது, "வாரும் ஆயிரத்து ஐஞ்ஞூறு" என்று கூப்பிட்டார். பெயர் இப்போது தேவைப்படவில்லை.

தனூஜனின் இலக்கத்தை றெஜினா குப்பைத் தொட்டியில் அறிமுகமான அன்றே வாங்கி வைத்திருந்தாள். அவளிடம் கேட்டு எடுத்து, அந்தக் கிழமையே அம்புறோஸ் அடித்தான்.

"தம்பி, நான் அம்புறோஸ். பலகை தந்து விட்டவன்."

மறுபக்கத்தில் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அண்ணை, கோவிக்கக் கூடாது. அந்தக் கிளாஸிலை அந்த அகலப் பலகையை ஏன் அனுப்பினியள்?" என்றான் தனூஜன்.

"முதல்தரப் பனி எண்டு நீதானே சொன்னனி."

"நான் எங்கை சொன்னன்? அப்பிடி ஒரு சொல்லை நான் பள்ளிக்கூடம் விட்ட பிறகு பாவிச்சதே இல்லை. அரியரத்தினம் அண்ணை கேட்டவர், பனி எப்பிடி எண்டு. இஞ்சை ஞாயிறு பின்னேரம் மழை பெய்து இரவு இறுகினது, புதனும் அப்பிடியே கிடந்தது. அதையெல்லாம் நான் விரிச்சுச் சொல்லேல்லை. சரிவு முழுக்கக் கிளாஸ் அண்ணை, சுத்தக் கிளாஸ் எண்டு சொன்னன். அப்பிடியோ, நல்லது நல்லது எண்டார். எனக்கும் ஆச்சரியமாத்தான் கிடந்தது. ஆனா பெரியாக்கள், என்னத்துக்கோ சொல்லுகினம் எண்டு விட்டிட்டன்."

கிளாஸ். பாரிஸில் வேலை செய்கிற எந்தத் தமிழனுக்கும் அது பிரெஞ்சு. இறுகின ஐஸ். கொட்டகையில் ஒரு நாளைக்கு நூறு தரம் காதில் விழுகிற சொல். அரியரத்தினத்தின் காதில் அது இங்கிலீசாக விழுந்திருக்கிறது. படம் கிளாஸ், சாப்பாடு கிளாஸ் என்கிற கிளாஸ். விழுந்தது அப்படியே வெளியே வந்திருந்தாலும் அம்புறோஸ் பிடித்திருப்பான். அவர் பிறமொழிச் சொல்லைக் கடைவாசல் தாண்ட விடாத மனிதர். நல்ல தமிழாக்கி, முதல்தரம் என்று கொடுத்துவிட்டார்.

வீடு பாரிஸ் புறநகரில், லெ பிளாங்-மெனிலில். இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தபோது மனைவி அருள்மலரிடம் சொன்னான். அவள் கையைக் கழுவாமலே எழும்பினாள்.

"அப்ப பிழை அவரின்ரை. நாளைக்கே போய்ச் சொல்லுங்கோ. ஆயிரத்து ஐஞ்ஞூறும் இல்லை எண்டு சொல்லுங்கோ."

"சொல்லலாம்."

"பிறகென்ன?"

"அவர் சனத்துக்கு முன்னாலை சொல்லுவார், கடனைக் குடுக்க ஏலாமல் அம்புறோஸ் சாட்டுச் சொல்லுறான் எண்டு. சனம் அதைத்தான் நம்பும்."

"தனூஜனைக் கொண்டு சொல்லுவியுங்கோ."

"அவனும் எனக்காகச் சொல்லுறான் எண்டு ஆகும்." தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னான். "எனக்கும் தெரியும்தானே, அருள். அந்தப் பலகையளை என்ரை கையாலை தடவினனான். ஒரு வார்த்தை கூடக் கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். நான் கேக்கேல்லை."

அருள்மலர் அவன் தோளில் தைலம் தேய்க்கும்போது வழமையை விட அழுத்தித் தேய்த்தாள்.

மாசி போய்ப் பங்குனி போனது. அரியரத்தினத்தின் கடையைத் தாண்டித்தான் அவன் மீன் வாங்கப் போக வேண்டும். ஆயிரத்து ஐஞ்ஞூறு என்ற சத்தம் இரண்டு மூன்று தரம் தெரு வரைக்கும் வந்தது. ஒருநாள் றெஜினா கேட்டாள், "அதென்ன அண்ணை, உங்களுக்குப் புதுப் பெயரோ?" என்று. அம்புறோஸ், "ஓம், ஞானஸ்நானம் தந்தவர் அரியரத்தினம் அண்ணை" என்றான். சொல்லாமல் வைத்திருப்பது பளுவாகத்தான் இருந்தது. சில நாள் கடை வாசலில் கால் தானாக நின்றதும் உண்டு.

சித்திரை நடுவில் மலையில் பனி முடிந்தது. கொட்டகையைப் பூட்டினார்கள். மாரிகால ஒப்பந்தம் முடிகிறபோது எடுக்காத விடுமுறைக்கும் சேர்த்து ஒரு தொகை கொடுப்பார்கள். வழமையாக அதை வைத்துத்தான் கோடை வேலை கிடைக்கும் வரை வீடு ஓடும். அம்புறோஸ் அதில் ஆயிரத்து ஐந்நூறை வங்கியில் எடுத்து ஒரு உறைக்குள் போட்டான். மிச்சம் இருநூற்றுச் சொச்சம்தான். அருள்மலரின் துப்புரவு வேலைச் சம்பளத்தில் மே மாதம் போகட்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைக்குப் போனான். அங்கே ஒரு தாயும் மகளும் சீட்டுக்குக் காத்திருந்தார்கள்.

"வாரும் ஆயிரத்து ஐஞ்ஞூறு" என்றார் அரியரத்தினம்.

அம்புறோஸ் உறையை மேசையில் வைத்தான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினார். நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினார். கொப்பியை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"கோடு போட முதல் ஒரு கேள்வி அண்ணை."

"கேளும்."

"அண்டைக்குத் தனூஜன் உங்களுக்குச் சொன்ன சொல்லு என்ன? நீங்கள் எனக்குச் சொன்னது இல்லை. அவன்ரை வாயாலை வந்தது."

அரியரத்தினம் முகட்டைப் பார்த்தார். "கிளாஸ் எண்டான். சரிவு முழுக்கக் கிளாஸ், சுத்தக் கிளாஸ் எண்டான். இப்பத்தைப் பெடியளுக்கு எல்லாம் கிளாஸ்தானே. அந்தச் சொல்லை நான் எடுக்கிறேல்லை. முதல்தரம் எண்டு உமக்குச் சொன்னன்."

"அது இங்கிலீசு இல்லை அண்ணை. பிரெஞ்சு."

"பிரெஞ்சிலை கிளாஸ் எண்டா குளிர்களி."

"ஐஸும் அதுதான்."

காத்திருந்த மகள், இருபது வயது இருக்கும், கைத்தொலைபேசியில் இருந்து தலையை நிமிர்த்தி, "ஓம் அங்கிள், ரெண்டும் அதுதான்" என்றாள். தாய் அவளுடைய தொடையில் தட்டினாள்.

அரியரத்தினம் பேனாவைக் கையில் பிடித்தபடி இருந்தார். முப்பத்தெட்டு வருடம் பாரிஸில் இருக்கிற மனிதர். மாரிகாலத்தில் நடைபாதையில் அந்தச் சொல்லை எழுதி வைத்த எச்சரிக்கைப் பலகைகளைத் தாண்டித்தான் தினமும் கடை திறக்கிறவர். அவருடைய காது மெல்ல மெல்லச் சிவந்தது.

"எப்பத் தெரியும் உமக்கு?"

"பஸ் வந்த கிழமையே."

"ரெண்டு மாசமா வாயை மூடிக்கொண்டோ இருந்தனீர்? நானும் தெருத்தெருவா உம்மை…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். "ஏன் சொல்லேல்லை?"

"காசு கட்ட முதல் சொன்னா அது சாட்டு அண்ணை. கட்டினாப் பிறகு சொன்னா வெறும் கதை."

அரியரத்தினம் காசுக் கட்டைத் திரும்ப எடுத்தார். முன்னூற்று அறுபதை எண்ணிப் பிரித்து, அவன் பக்கம் தள்ளினார். "இது என்ரை காதின்ரை நட்டம். உம்மடை இல்லை" என்றார். மிச்சத்தின் மேல் விரலை வைத்தார். "பேசின பேச்சின்படி பாத்தா, சொன்ன பனிக்குச் சரியான பலகையைத்தான் நீர் தந்திருக்கிறீர். அப்பிடியெண்டா இதுவும்…"

"இல்லை அண்ணை. அந்த மலையாலை வந்த பலகை முப்பது சோடி முதல்நாள் என்ரை மேசையிலை கிடந்தது. அடி நரைச்சுக் கிடந்தது. எனக்கு விளங்கினது. இஞ்சை வந்து ரெண்டாம் தரம் கேக்காமல் போனது நான். அக்காவின்ரை செத்தவீட்டுக்குப் போன காசு, அது நான் கட்டவேண்டியது."

அவர் விரலை எடுத்தார். தாயும் மகளும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அம்புறோஸ் முன்னூற்று அறுபதை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது அவனுடையது.

அரியரத்தினம் கொப்பியில் ஆயிரத்து ஐந்நூறை வெட்டினார். பக்கத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது என்று எழுதி, அதையும் வெட்டி, திகதியைப் போட்டார்.

"முடிஞ்சுது அம்புறோஸ்" என்றார்.

"ஓம் அண்ணை" என்றான்.